தன் குழம்புக்குத் தானே போட்ட டவுன்வோட்

மட்டாஞ்சேரிப் படகில் பின் இருக்கைக்காரர் மனைவியிடம், "ஆன்லைன் சமையல் குழுவுல நான் போட்ட மீன்குழம்புப் போஸ்டுக்கு, உன் போன்ல 'பிடிக்கல'ன்னு டவுன்வோட் போட்டது நான்தான்" என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அடுத்த வாரம் கடை திறக்கணும். குறை சொல்லுங்கன்னு கேட்டா எல்லாரும் அப்வோட்டே போடுறாங்க. ஒருத்தர் தொடங்கினா மத்தவங்களும் வாய் திறப்பாங்கன்னு பார்த்தேன்."

"திறந்தாங்களா?"

"'எவனோ பொறாமைக்காரன்'னு எனக்காகவே என்னைத் திட்டுறான் ஒருத்தன்."

அந்த ஒருத்தன் நான். குழம்பை மோந்துகூடப் பார்த்ததில்லை.

"நாளைக்குக் கப்பைக்கிழங்கும் குழம்பும் படகுக்கே கொண்டு வாங்க. தின்னவன் மூஞ்சியே சொல்லிடும்" என்றாள் மனைவி.

நாளை அவர்களுக்கு எதிரே உட்காரப்போகிறேன். மூஞ்சியைப் பொய் சொல்லாமல் வைத்துக்கொள்ள, இன்றே கண்ணாடி முன் பழக வேண்டும்.