வீட்டு டெக்கு

முப்பத்தொன்பது. மூன்றாவது முறை எண்ணியும் முப்பத்தொன்பதுதான். டெக்கு என்கிற ஆட்டக் கட்டில் நாற்பது கார்டு இல்லாமல் போட்டி மேசையில் போய் உட்கார்ந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே தோல்வி எழுதிவிடுவார்கள். தொலைந்தது எந்தக் கார்டு என்று அனுசுயாவுக்குத் தெரியும். கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, அது சினேகாவின் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

– மதினி, இங்கன படியில ஒக்காந்து என்ன செய்றீக? பரோட்டா ஆறுது.

– ஒண்ணுமில்ல... நீ சாப்புடு.

– ஃபைனல் ஆடப்போற ரெண்டு பேரும் ஒரே வீடுன்னு கீழ ஒரே பேச்சு. போட்டி நடத்துற பேக்கரிக்காரரு ஃபோட்டோ எடுக்கணுமாம். மதினியும் நாத்தனாரும் கட்டிப்புடிச்சு நிக்கணுமாம்.

– கட்டிப்புடிச்சுட்டு அப்பறம் போய் அடிச்சுக்கவா?

– ஜெயிக்கிறவுக கொச்சியில நடக்குற பெரிய போட்டிக்கு. தோக்குறவுகளுக்கு ஒரு முட்ட பப்ஸு... என்ன மதினி, மொகம் வெளுத்துக் கெடக்கு?

– சினேகா... எனக்கு ஒரு கார்டு கொறையுது.

– என்னது?

– நாப்பது இருக்கணும். முப்பத்தொம்பதுதேன் இருக்கு. செமி ஃபைனல்ல இருந்துச்சு.

– பையில பாத்தீகளா?

– பையி, டப்பா, மேசைக்கு அடியில... எல்லாம் பாத்துட்டேன்.

– மூணு மணிக்கு ஃபைனலு. இன்னும் இருவது நிமிசந்தேன் இருக்கு.

– ஜாய்ஸ் அக்கா எண்ணிப் பாத்துத்தேன் ஒக்கார விடுவாக. கம்பத்துல இருந்து வந்து எறங்குனதுல இருந்து அந்தம்மா சிரிக்கவே இல்ல.

– நடுவர்னா சிரிக்கக் கூடாதுன்னு யாரோ சொல்லிவிட்டுருக்காக... இருங்க, இருங்க. செமியில நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசைதான?

– ஆமா...

– முடிஞ்சதும் ஃபேன் காத்துல கார்டெல்லாம் பறந்துச்சு. நாந்தேன் பொறுக்கிக் குடுத்தேன்.

– நீ எங்க பொறுக்குன? ரெண்டு கையாலயும் வாரி அள்ளுன. மொளகா வத்தல அள்ளுற மாதிரி.

– ரெண்டு டெக்குலயும் கார்டுக்கு மேல ஒரே நீல ஒற. நூறு ஒற பாக்கெட்டு ஒண்ண வாங்கி ஆளுக்குப் பாதியா போட்டோம்ல, அந்தச் சிக்கனத்துக்கு இது வேணும். என்னுத எண்ணிப் பாக்குறேன்.

– குடு, நான் எண்ணுறேன்.

– ஏன், எனக்கு எண்ணத் தெரியாதா? பி.எஸ்சி. கணக்கு படிக்கிறேன் மதினி... முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு.

– அப்பாடி...

– நல்ல வேள. இப்புடியே போயிருந்தா ஒங்களுக்கு ஒண்ணு கொறையுது, எனக்கு ஒண்ணு கூடுதுன்னு ஜாய்ஸ் அக்கா ரெண்டு பேரையும் பஸ் ஏத்திருப்பாக. செமியில நம்மகிட்டத் தோத்த அய்யாத்துரையும் ஈஸ்வரபாண்டியும் ஃபைனல் ஆடியிருப்பாங்ய.

– எனக்கு இப்பத்தேன் மூச்சே வருது. குடு ஆத்தா. திருப்பிப் பாக்காமக் குடு.

– எல்லாம் ஒரே நீலமா இருக்கு. திருப்பாம எது ஒங்களுதுன்னு எப்புடித் தெரியும்? டிராகன்... டிராகன்... டிராகன் முட்ட... டிராகன்...

– ஒம்பது டிராகன வச்சுக்கிட்டு நீயெல்லாம் எப்புடித்தேன் ஃபைனலுக்கு வந்தியோ.

– எறங்கிருச்சுன்னா எவனும் நிக்க மாட்டான். அய்யாத்துரை கோட்டைய ஒரே அடியில சாச்சேன்ல.

– எறங்குனாத்தான? ஒவ்வொண்ணுக்கும் ஏழு சக்தி வேணும். ரவுண்டுக்கு ஒரு சக்திதேன் ஏறும். ஏழாவது ரவுண்டு வர்ற வரைக்கும் கையில விசிறி மாதிரி புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்க. அய்யாத்துரை பயந்தவன், அடிக்காம காத்துக்கிட்டு இருந்தான்.

– நீங்க மட்டும் என்னவாம். ஒரு சக்தி, ரெண்டு சக்தின்னு பொடிப்பொடியா சிப்பாய்ங்க. பாக்கவே சகிக்கல.

– அந்தப் பொடிதேன் ஈஸ்வரபாண்டிய நாலாவது ரவுண்டுல முடிச்சுச்சு. மாமா திராட்சைக்குக் கவாத்து வெட்டுறதப் பாத்துருக்கியா? எல்லாக் கண்ணையும் விட்டா எலதேன் மண்டும், கொல வராது. நல்ல கொடியா இருந்தாலும் யோசிக்காம நறுக்குவாக. டெக்கும் அப்புடித்தேன். புடிச்ச கார்டா இருந்தாலும் எடுத்துறணும்.

– திராட்சை வெளையுற ஓடைப்பட்டில பெறந்தவளுக்குப் பெரியகுளத்து மாங்காத் தோப்புக்காரவுக கவாத்துப் பாடம் எடுக்குறாக... இது என்ன மதினி? ‘சைலன்ட் பெல்’.

– அதுதேன். குடு.

– படிச்சுட்டுத் தர்றேன். ‘ஆறுக்கு மேல சக்தி கேக்குற எந்தக் கார்டும் இந்த ரவுண்டுலயும் அடுத்த ரவுண்டுலயும் எறங்க முடியாது.’

– படிச்சுட்டேல்ல? குடு.

– இன்னிக்கு வந்த பதினாறு பேர்ல டிராகன் வச்சு ஆடுறது நான் ஒருத்திதேன்.

– அது... பொதுவா வச்சது. ஒரு காவலுக்கு.

– வீட்ல ஒரு நாளும் நீங்க இத எறக்கி நான் பாத்ததில்ல.

– புதுசு.

– ஓரமெல்லாம் தேஞ்சு போயிருக்கு?

– பழசா வாங்குன புதுசு. நீ என்ன போலீஸா?

கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை அனுசுயா ஜெயித்திருந்தாள். அன்று சினேகா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். மாமியார்தான் மகள் தொடாத தட்டை எடுத்துப்போய்க் கழுவினார், வெகு நேரம் கழுவினார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் அனுசுயாவுக்குப் போதுமானதாக இருந்தது.

– சரி, இந்தாங்க ஒங்க பெல்லு. இது ஒண்ணுக்கா பயப்படப் போறேன்? வீட்ல எரநூறு ஆட்டமாச்சும் ஆடியிருப்போம். நீங்க எத்தன ஜெயிச்சீக?

– ஒண்ணு.

– அதான். ஒவ்வொரு தடவயும் இன்னும் ஒரு ரவுண்டு கெடச்சிருந்தா ஜெயிச்சுருப்பீக. எனக்கே பாவமா இருக்கும்.

– ம்.

– மதினி... ஒண்ணு கேக்கவா? கோவப்படக் கூடாது.

– கேளு.

– எனக்கு விட்டுக்குடுத்துருங்களேன். ரூல்ல எடமிருக்கு. ஒக்காந்ததும் கைய நீட்டிட்டா முடிஞ்சுது. எப்புடியும் நாந்தேன் ஜெயிப்பேன்.

– அப்ப ஆடியே ஜெயிக்கலாம்ல?

– ஆடலாம்... ஆனா...

– ஆனா?

– அம்மாட்டச் சொல்லிட்டேன்.

– என்னன்னு?

– ஜெயிச்சுட்டேன்னு. கொச்சிக்கு நாந்தேன் போறேன்னு.

– ஃபைனலே இன்னும் ஆடல...

– செமி முடிஞ்சதும் போன் போட்டாக. ‘சீட்டாடி முடிச்சுட்டீகளாடி, எப்ப வீடு வந்து சேருவீக’ன்னு கேட்டாக. சீட்டாம்! சுருக்குன்னு வந்துச்சு. வாயில வந்தத சொல்லிட்டேன். இப்ப எங்கண்ணே தோட்டத்துல மருந்தடிக்கிற ஆளுக அம்புட்டுப் பேருக்கும் டீ வாங்கிக் குடுத்துருச்சாம்.

– நான் தோத்துட்டேன்னும் சொல்லிட்டியாக்கும்?

– இல்ல... நீங்க ஃபைனல்ல இருக்கீகன்னே சொல்லல.

– ஓ.

– ‘அவ என்ன செய்றா’ன்னு கேட்டாக. தொணைக்கு வந்தவுக, வெளிய ஒக்காந்துருக்காகன்னேன். தப்புதேன் மதினி. சொன்னதுல இருந்து பரோட்டாவே எறங்கல. இப்ப ஒங்ககிட்டச் சொன்னதும்தேன் கொஞ்சம் லேசா இருக்கு.

– இத வயித்துல வச்சுக்கிட்டே என்னையப் பரோட்டா திங்கக் கூப்புட்டியாக்கும்.

– கேலி பண்ணாதீக. கீழ பேரு சொல்லிக் கூப்புடுறாக பாருங்க... மதினி, ஒரே ஒரு தடவ. நீங்க மனசு வச்சா வீட்ல யாருக்கும் எதுவும் தெரியப்போறதில்ல.

பயம் வரும் என்று அனுசுயா ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது, நன்றாகப் பசித்தது.

– ஒரே ஒரு தடவயா... சினேகா, வீட்ல நான் எடுக்குறேன்ல ஒரு டெக்கு, அது ஒங்கிட்டத் தோக்குறதுக்குன்னே நான் கட்டுனது. ஒரு ரவுண்டு வித்தியாசத்துல தோக்கணும், ஒனக்குச் சந்தேகமும் வரக் கூடாது... அதக் கட்டி முடிக்கத்தேன் எனக்கு ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு அத எடுத்துட்டு வரல. விட்டுத்தர மாட்டேன்டா. அம்மாட்ட நானும் கூட நின்னு சொல்றேன். எந்திரி, கூப்புடுறாக.