நடக்காமல் போன இரத்தக்கசிவு

அவையை வழிநடத்தும் தலைவர் நவநீதகிருஷ்ணன் அவர்களே, பஞ்சோடும் நூலோடும் வாழ்நாளைக் கழித்த ஆலைத் தொழிலாளப் பெரியோர்களே, திருவில்லிபுத்தூரிலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் தாய்மார்களே, இராசபாளையத்து இளையோரே, அனைவருக்கும் இந்த மருத்துவனின் வணக்கம்!

நான் பேச வந்தது வயிற்றைப் பற்றி. பசித்த வயிறு அல்ல. நினைவிழந்து, கருவி தரும் மூச்சில் கிடப்பவரின் வயிறு. உடல் பெரும் ஆபத்தில் சிக்கும்போது குருதி எங்கே ஓடும்? இதயத்துக்கு ஓடும், மூளைக்கு ஓடும். வயிற்றுக்கு? வற்றிப்போகும். காவல் தளர்ந்த வயிற்றுச் சுவரை அதன் அமிலமே அரிக்கும். அரித்த இடம் புண்ணாகும். அந்தப் புண் சிலருக்கு உயிரையே குடிக்கும்.

என்னம்மா கேட்கிறீர்கள்? காரத்தைக் குறைத்தால் போதாதா என்றா? இந்தப் புண்ணுக்கும் மிளகாய்க்கும் வழக்கே இல்லை தாயே!

ஆலங்குளத்து லாரி ஓட்டுநர் பிரேம்குமார் கடும் நிமோனியாவோடு எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். மூச்சுக்கருவி பொருத்தினோம். அமிலத்தை அடக்கும் ஊசியும் போடவேண்டும் என்றேன். அவர் அண்ணன் வைகுண்டராஜ் மறித்தார்.

"நெஞ்சுச் சளிக்குத்தானே சேத்தோம்? வயித்துக்கு எதுக்கு ஊசி போடுதீய? எம்புட்டு மருந்தைத்தான் அந்த உடம்பு தாங்கும்?"

கேள்வி நியாயமானது. எல்லா நோயாளிக்கும் இது தேவையில்லை. தேவையின்றிக் கொடுத்தால் வேறு தொல்லைகளும் வரலாம். "முன்னாடி எப்பவாவது வயித்துப்புண், ரத்த வாந்தி உண்டா?" என்று கேட்டேன்.

"கிடையாது" என்றார் அண்ணன்.

பிரேம்குமாரின் மனைவி ஜெயசித்ரா தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "உண்டு டாக்டர். போன வருசம் முட்டுவலி மாத்திரையா முழுங்கி, ரத்தமாக் கக்குனாவ. வண்டி ஓட்ட விடமாட்டாவன்னு அவிய அண்ணன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாவ."

வைகுண்டராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்டயாம்மா மறைச்சீய?" என்றார். பிறகு எழுந்து, "போடுங்க டாக்டர்" என்றார்.

போட்டோம். குழாய் வழியே உணவையும் சீக்கிரமே தொடங்கினோம். செவிலியர் பாண்டிசெல்வி அந்தக் குழாயில் வயிற்றிலிருந்து திரும்பி வருவதை விடாமல் கவனித்தார். காப்பித்தூள் நிறம் கண்டால் உள்ளே கசிவு என்று பொருள். அந்த நிறம் வரவேயில்லை. மூச்சுக்கருவியைக் கழற்றினோம், அவர் வாயால் சாப்பிட்டார், ஊசியை நிறுத்தினேன். இப்போது அதே அண்ணன், "நல்லாத்தானே வேலை செஞ்சது, ஏன் நிறுத்துதீய?" என்று சண்டைக்கு வந்தார்! சிரிக்கிறீர்கள். ஆபத்து நீங்கியபின் அந்த மருந்துக்கு அங்கே வேலையில்லை.

பிரேம்குமார் என் கையைப் பிடித்தார். "என் வயித்துக்கு என்ன ஆச்சு டாக்டர்?"

"ஒண்ணும் ஆகல."

"பொறவு எதுக்கு ஊசி?"

"ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்."

அன்பர்களே, வந்த நோயைத் தீர்த்தால் மாலை போடுகிறோம். வராமல் போன நோய்க்கு மாலை போட்டவர் உண்டா? மாலை வேண்டாம், வாயைத் திறவுங்கள்! மருத்துவமனையில் பழைய புண்ணைச் சொல்லுங்கள்! விழுங்கிய மாத்திரையைச் சொல்லுங்கள்! வீட்டாரிடம் மறைத்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்! ஒரு பெண் சொன்னார். அவர் கணவர் இன்று சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரியோடு எங்கோ சாலையில் போய்க்கொண்டிருக்கிறார்.

செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி. நலமாக வீடு சேருங்கள். வணக்கம்!