ஒரே இடியில் மூன்று கார்

— மாப்ளே, ஃபோனை வச்சுடாதே. நீ எடுத்துக் குடுத்த பாலிசிக்கு இன்னைக்குத்தான் வேலை வந்திருக்கு.

— ஐயையோ, என்ன மாமா ஆச்சு? அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?

— ஆளுங்க யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. வாசல்ல ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி பின்னாடி நின்ன காரை இடிச்சிருச்சு. அது போய் அடுத்ததை இடிச்சுது. அது அதுக்கு அடுத்ததை.

— மூணு காரா!

— பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டர். அதை விடு. உன் கம்பெனி எவ்வளவு குடுக்கும்?

— அடுத்தவங்க பொருளுக்கு ஒரு லிமிட் இருக்கு மாமா. அதுவரைக்கும் கம்பெனி. தாண்டினா உங்க பாக்கெட்.

— சரி, மூணு கார், மூணு லிமிட். தாராளமாப் போதும்.

— கார் கணக்கு இல்ல மாமா, விபத்துக் கணக்கு. ஒரு விபத்துக்கு ஒரு லிமிட். மூணு பேரும் அதுக்குள்ளதான் பங்கு போட்டுக்கணும்.

— முதல் காரை இடிச்சதும் வண்டி லேசா மூச்சு வாங்குச்சுடா. மூணு விபத்துன்னு எழுதிடேன்.

— வண்டி மூச்சு வாங்குச்சுன்னு எழுதினா என் வேலை போயிடும். ஒரே மிதியில நடந்தது, ஒரே விபத்து.

— ஆளுக்கு அடிபட்டிருந்தா?

— அதுக்குத் தனி லிமிட்.

— அந்தக் காசு சும்மாதானே கிடக்கு? அதுலேர்ந்து கொஞ்சம் இந்தப் பக்கம்...

— மாமா! அப்படியெல்லாம் அள்ளிப் போட முடியாது. லிமிட்டைக் கூட்டுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வருஷத்துக்கு நாலு சினிமா டிக்கெட் காசு கூட ஆகும், அவ்வளவுதான்னேன். கேட்டீங்களா?

— மாசத்துக்கு ரெண்டு தடவை வெளியே எடுக்கற வண்டிக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.

— சரி, என்னென்ன கார்?

— முதல்ல மாடி வீட்டு டாக்டரோடது. கப்பல் மாதிரி இருக்கும்.

— போச்சு. அதோட முன் விளக்கே லிமிட்ல பாதியை முழுங்கிடும். ரெண்டாவது?

— புத்தம் புதுசு. சீட்டுல பாலிதீன் கவரைக்கூடப் பிரிக்கலை.

— மீதிப் பாதியும் காலி. மூணாவது ஆளு பாவம், அவருக்கு மிஞ்சறது சில்லறைதான். நீங்கதான் கைக்காசு போட்டுக் குடுக்கணும்.

— நல்ல பையன்டா. விட்டுக்குடுத்துடுவான்.

— இந்தக் காலத்துல எவன் மாமா விட்டுக்குடுப்பான்? நானா இருந்தா ஒரு பைசா விடமாட்டேன்.

— மாப்ளே... காலைல, ஸ்டேஷன் பார்க்கிங் காசு மிச்சம்னு எங்க வாசல்ல நிறுத்திட்டுப் போனியே...

— மாமா!

— பானெட் மட்டும்தான்டா.

— ஐயோ, என் காரா!

— உன் பாலிசியில சரி பண்ணிக்க வேண்டியதுதானே?

— அது வந்து... நான் அடுத்தவங்க நஷ்டத்துக்கு மட்டும்தான் பாலிசி எடுத்திருக்கேன். என் காருக்கு ஒண்ணும் வராது.

— அடப்பாவி! ஊருக்கெல்லாம் விக்கறவன்தானே நீ?

— பேச்சை மாத்தாதீங்க. மாமான்னுகூடப் பார்க்கமாட்டேன். இடிச்சது நீங்க, முழுசா எண்ணி வைக்கணும்.

— நான் ஓட்டினேன்னு எப்போடா சொன்னேன்? ஓட்டினது உங்க அக்கா. பக்கத்துலதான் நிக்கறா. இந்தா, ஃபோனைக் குடுக்கறேன், நீயே கேட்டு வாங்கிக்க.

— வேணாம், வேணாம் மாமா... அந்த பானெட் ஏற்கெனவே நசுங்கித்தான் இருந்துச்சு.