இரண்டு நிறம் காட்டிய கல்

உங்கள் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருக்கிற கல்லை யாரோ வெங்கச்சங்கல் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். அது சலவைக்கல். கத்தி நுனியால் லேசாகக் கீறிப் பாருங்கள், கோடு விழும். வெங்கச்சங்கல்லாக இருந்தால் கத்திதான் மழுங்கும். எங்கள் மோகோக் மலையில் பாதி இந்தச் சலவைக்கல்தான். சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெந்து இறுகியது. மாணிக்கம் இதன் வயிற்றில்தான் பிறக்கும்.

பெருமைக்குச் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரே சுரங்கக் குழியில் கல் பிரித்திருக்கிறேன். முதலாளி முதல் மண் சுமப்பவர் வரை என்னை சயா என்பார்கள். வாத்தியார் என்று அர்த்தம். ஞோ மவுங் பார்த்தால் பார்த்ததுதான் என்று கடைவீதியில் பேச்சு. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அந்தப் பேச்சுதான் இருந்தது.

சிவப்புக் கல்லில் ஆளை ஏமாற்றுவது ஸ்பைனல். மாணிக்கம் என்பது வெறும் அலுமினிய ஆக்சைடு, நிறத்துக்கு ஒரு சிட்டிகை குரோமியம். அதோடு மக்னீசியமும் சேர்ந்துவிட்டால் ஸ்பைனல். இரண்டும் ஒரே பாறையில் அக்காள் தங்கை மாதிரிக் கிடக்கும். வெயிலில் பிடித்துத் திருப்பினால் மாணிக்கம் இரண்டு நிறம் காட்டும், ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு, மறுபக்கம் கொஞ்சம் செம்மஞ்சள். ஸ்பைனலை எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம்தான்.

இந்த மழையில் வெயில் எங்கே இருந்தது? மூன்று நாளாக நீலத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து பிரித்தேன். சுண்டுவிரல் நகம் அளவு கல் ஒன்றை, விரிசல் விழுந்த ஸ்பைனல் என்று கழிவு மேட்டில் எறிந்தேன். கழிவில் கிடப்பது கனசே பெண்களுக்கு. அதைச் சலித்துத்தான் அவர்கள் பிழைப்பு. கண்டெடுத்ததை முதலாளியே வந்தாலும் கேட்க முடியாது.

மறுநாள் மதியம் வெயில் எட்டிப் பார்த்தது. அவர்களில் ஒருத்தி, மா சான் யீ, என்னிடம் வந்தாள். கன்னத்தில் அடக்கியிருந்த கல்லை எடுத்து லுங்கியில் துடைத்து நீட்டினாள். அவர்கள் அங்கேதான் வைத்துக்கொள்வார்கள், கை எப்போதும் சேற்றில் இருக்கிறதே.

“சயா, இதைக் கொஞ்சம் வெயில்ல திருப்பிப் பாருங்க.”

திருப்பினேன். இரண்டு நிறம்.

“நேத்து நீங்க வீசினதுதான். உங்க கண்ணுக்கே கண்ணாடி போடணும் போலிருக்கே” என்று சிரித்தாள். “நாளைக்குச் சந்தையில கேப்பாங்க, யார் கழிச்ச கல்லுன்னு. என்ன சொல்லட்டும்?”

“உள்ளதைச் சொல்லு.”

“கோவமா சயா? நீங்க எனக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி. ஒரு கிண்ணம் மொஹிங்கா சாப்பிடுங்க, என் கணக்கு.”

கோபமில்லை. பயந்துபோனேன். ஊரே சிரிக்கும்.

“அதே கூடையில இன்னும் ரெண்டு கல் இருந்துச்சு. குழியோட மேற்குச் சுவர் அடியில கொட்டினேன்” என்றேன்.

“அங்க சிவப்புக் கயிறு கட்டியிருக்கே?”

“அது குழி ஆளுங்களுக்கு. நீ போய்ப் பாரு.”

கல்லை மறுபடி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போனாள்.

மேற்குச் சுவர் சலவைக்கல் இல்லை. காக்காப்பொன் மின்னுகிற பாறை. ஏடு ஏடாகப் பிரியும். அந்த ஏடுகள் குழியைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. உள்ளே தண்ணீர் இறங்கினால் சோப்பு தடவிய மாதிரி ஆகிவிடும். அன்று காலை ஆட்களையும் பம்பையும் அங்கிருந்து மேலே ஏற்றியது நான்தான். கயிறு கட்டியதும் நான்தான். அவள் தடுக்கி விழக்கூடாது என்று அவிழ்த்துவிட்டதும் நான்தான்.

அவள் தனியாகப் போவாள் என்று நினைத்தேன். நல்ல மனசுக்காரி, நாத்தனாரையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டாள். அந்த மூவரை நான் அனுப்பவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். தடுத்திருக்கலாமே என்பீர்கள். தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குச் சற்று முன்னால் சுவரின் உச்சியில் மண் உதிரத் தொடங்கியது. சான் யீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை.

அவர்கள் நாலு பேரையும் கொன்றது நான். பாறை மேல் பழி போடமாட்டேன், அது தன் குணப்படி சரிந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சான் யீயின் கன்னத்தில் ஒரு கல் இருந்ததாக உங்கள் ஆள் சொன்னார். அதை எந்த வியாபாரியிடமும் காட்ட வேண்டாம். அறிக்கையில் விரிசல் விழுந்த ஸ்பைனல் என்று எழுதுங்கள். வேறு யாரைக் கேட்க வேண்டும், நான்தான் பார்த்துவிட்டேனே.