வாய்விட்டுச் சொல்லாத பேர்

– ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துனா நான் எதை எழுதறது? ஒரு புள்ளைக்கு ஒரு பேருதான். சட்டுனு சொல்லுங்க, மசி காயுது.

– ஐயா, நான்தான் அப்பன். நான் சொல்றதத்தான் எழுதணும்.

– பெத்தவ நானு. குப்பம்மான்னு எழுதுங்க ஐயா. ஊரே அப்படித்தான் கூப்புடுது.

– ஊரு கூப்புடும். ஊருக்கு இன்னா, எதையும் கூப்புடும்.

– ஏம்பா பக்கிரிசாமி, உங்க சண்டைய வூட்டுல வெச்சுக்கக் கூடாதா? தேதி எழுதிட்டேன். ஊரு எழுதிட்டேன். பொம்பளப் புள்ளைன்னு எழுதிட்டேன். அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு பேரு வேணும். கெடு இன்னியோட சரி. இன்னிக்கு உட்டா, பாண்டிச்சேரி கோர்ட்டுக்கு அலைஞ்சு தீர்ப்பு வாங்கினு வரணும். வெள்ளக்காரன் கப்பலேறிட்டான், அவன் சட்டம் இன்னும் இந்த மேரி ஆபீசுல நாற்காலி போட்டு ஒக்காந்துனு இருக்குது.

– அதுக்குத்தான் ஐயா காயிதத்துலயே எழுதி எடுத்தாந்தேன். இந்தாங்க.

– கொண்டா. அட, நல்லாத்தான்பா இருக்குது. எங்க சித்தி பொண்ணு ஒருத்திக்குக்கூட இதே...

– ஐயோ ஐயா! சொல்லாதீங்க! வாய்ல வந்துடப் போவுது!

– இன்னாம்மா இது, பாம்பு பூந்த மாரி கத்துற! மசிக்கூடு சாஞ்சுது பாரு. போச்சு, வேட்டியெல்லாம் போச்சு.

– ஏ காசம்மா, கொஞ்சம் சும்மா இரு.

– சும்மா இருந்துதான் ரெண்டு போச்சு. மொதப் பையனுக்குச் சிங்காரவேலுன்னு வெச்சாரு ஐயா. காதுல மூணு தரம் சொன்னாரு, வாய் நெறைய. முப்பது நாளு. அடுத்தது பொண்ணு, அதுக்குக் கமலவேணி. வரவங்க போறவங்கல்லாம் கமலவேணி, கமலவேணின்னு கொஞ்சினாங்க. மூணாம் மாசம் அவனும் வந்து கூப்புட்டான்.

– எவன்?

– எருமைல வரவன். பேரு தெரிஞ்சாத்தான அவன் கூப்புட முடியும்?

– ரெண்டுத்துக்கும் வயித்தால போச்சு ஐயா. டாக்டரு சொன்னாரு, தண்ணியக் காச்சிக் குடுக்கலன்னு.

– கமலவேணிக்கு நான் காச்சித்தான் குடுத்தேன். ஒனக்குத் தெரியாது, நீ நடவுக்குப் போயிருந்த. வெறகு இல்லாம கூரையில ஓலையப் பிச்சுக் காச்சினேன்.

– எனக்குத் தெரியும்மா. ரெண்டு பேரையும் இந்தக் கையாலதான் எழுதினேன். போனதையும் நான்தான் எழுதினேன். சரி, அதெல்லாம் எதுக்கு இப்ப. பேரச் சொல்லுங்க, மசி காயுது.

– இதை மட்டும் உடமாட்டேன் ஐயா. பொறந்த ஒடனே குப்பமேட்டுல போட்டோம். பக்கத்து வூட்டுத் தையலம்மா, குப்பையில ஒண்ணு கெடந்துது, வேணுமான்னு எடுத்தாந்தா. ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கிக்கினேன். ஆச்சா? இது நான் பெத்தது இல்ல. தவுட்டுக்கு வாங்கினது. தவுட்டுக்கு வாங்கினதுக்கு எதுக்கு நல்ல பேரு? நல்ல பேரு வெச்சா அவனுக்கு ஆச வந்துடாது?

– இப்பதான் பெத்தவ நானுன்னு சொன்ன.

– யோவ், அது ஐயாவுக்குச் சொன்னது. நீ வேற சத்தமா அதையே திருப்பிச் சொல்லு!

– பாத்தீங்களா ஐயா? பன்னெண்டு நாளா இதுதான். எங்கம்மாவும் இதைத்தான் பண்ணுச்சு. எனக்கு முன்னால நாலு போச்சாம். அதுனால எனக்குப் பக்கிரின்னு பிச்சக்காரன் பேரு. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு என் பேரக் கூப்புட்டா, பின் வரிசையில எவனாவது கைய நீட்டி ‘அம்மா தாயே’ன்னுவான். அவருகூடச் சிரிப்பாரு. அஞ்சாங்கிளாசோட நின்னுட்டேன். இன்னிக்கும் மதகடிப்பட்டு சந்தையில எவனாவது பக்கிரின்னு கூப்புட்டா, வேற யாரையோ கூப்புடுற மாரி நேராப் போயினே இருப்பேன்.

– போற இல்ல? கால் இருக்குது, போற. அந்த நாலு பேருக்கும் நல்ல பேரா வெச்சாங்களாமே, அவங்க எங்க போறாங்க? உங்கம்மா பக்கிரின்னு வெக்கலன்னா எனக்கு ஏது புருசன்?

– அவ சொல்றதுலயும் நாயம் இருக்குதுப்பா.

– நீங்களுமா ஐயா? நாளைக்கு இது பள்ளிக்கூடம் போவும். குப்ப வருது, தொடப்பத்த எடுன்னு சிரிப்பாங்க. அழுதுனு வரும்.

– அழுதுனே வரட்டும். சாயங்காலமானா வூட்டுக்கு வரணும். எனக்கு அவ்ளோதான் வேணும்.

– சரி, ரெண்டு பேரும் கேளுங்க. நான் ஒரு வழி சொல்றேன். புத்தகத்துல இவன் பேரு. வூட்டுல ஒன் பேரு. இந்தப் புத்தகத்த பீரோல வெச்சுப் பூட்டிடுவேன், சாவி என் இடுப்புல. எருமைல வரவனுக்கு மேரில இன்னா வேல?

– அவன்கிட்ட கணக்குப்புள்ள ஒருத்தன் இருக்கானாமே. அவனுக்குப் படிக்கத் தெரியாதா?

– சித்ரகுப்தனச் சொல்றியா? அவனும் என்ன மாரி குமாஸ்தாதாம்மா. இன்னொரு ஆபீசு புத்தகத்தத் தேடிப் போயி படிக்கிற குமாஸ்தா மூணு லோகத்துலயும் கெடையாது. அவனவன் புத்தகத்த முடிக்கவே அவனவனுக்கு நேரமில்ல.

– நெசமாவா?

– முப்பது வருசமாப் பாக்கறேன்.

– அப்ப யாரும் அந்தப் பேர வாய்விட்டுச் சொல்ல மாட்டீங்களே? யோவ், நீ?

– சொல்ல மாட்டேன் காசு. அஞ்சு வயசு முடியற வரிக்கும் நானும் குப்புன்னே கூப்புடுறேன்.

– புள்ள தல மேல கைய வெச்சுச் சொல்லு. வேணாம் வேணாம், அது தல மேல வேணாம். என் தல மேல வெய்யி.

– வெச்சுட்டேன். சத்தியம்.

– அப்ப எழுதிக்குங்க ஐயா.

– அப்பாடா. ஒரு வழியா முடிஞ்சுது. எழுதினப்பறம் நான் படிச்சுக் காட்டுவேன், சரின்னு சொல்லிட்டு...

– இன்னா காட்டுவீங்க?

– படிச்சுக் காட்டுவேம்மா. சத்தமா. அதைக் கேட்டு நீங்க சரின்னு சொன்னாத்தான் கையெழுத்து. கடைசி வரியே ‘படிச்சுக் காட்டப்பட்டது’ன்னுதான் முடியும். சட்டம்.

– அப்ப வேணாம். எழுதாதீங்க.

– அய்யய்ய!

– ஐயா, கொஞ்சம் மெதுவாப் படிச்சுடுங்களேன். காதுக்குள்ள சொல்ற மாரி.

– பக்கிரிசாமி, ரெண்டு காதும் கேக்காதவன் ஒருத்தன் வந்தான். அவனுக்குக்கூட உரக்கப் படிச்சுட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். இந்த வயசுல என்ன மாத்தாத.

– அப்ப இவ வெளியில போயி நிக்கட்டும். இவ காதுல உழாம நீங்க படிங்க.

– யோவ், நான் கேட்டா இன்னா ஆவப் போவுது? நான் வெளியில போனா, அவனும் என் முந்தானையப் புடிச்சுனு வெளியில வந்துடுவானா?

– போதும்! தல வெடிக்குது! நீ அந்தச் செவுத்துப் பக்கம் நில்லு. நீ இந்தாண்ட நில்லும்மா. இனிமே எவனாவது வாயத் தொறந்தா ரெண்டு பேரையும் கோர்ட்டுக்கு அனுப்பிடுவேன். நான் எழுதறேன்.

– எந்தப் பேர ஐயா?

– தொறக்காதேன்னேன்.

– இல்ல ஐயா, இவ...

– மூடு. அது இன்னாம்மா சத்தம்?

– புள்ளைக்குப் பசி ஐயா.

– அது மட்டும் வாயத் தொறக்கலாம். திரும்பி ஒக்காந்து பால் குடு. ம். ம். முடிஞ்சுது. கேளுங்க. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷம், விவசாயக் கூலி பக்கிரிசாமிக்கும் அவர் மனைவி காசம்மாளுக்கும் பிறந்த பெண் குழந்தை. பெயர், குப்பம்மாள். படித்துக் காட்டப்பட்டது.’ கேட்டுதா? இங்க இருக்கிற எல்லாருக்கும் கேட்டுதா? வேணும்னா இன்னொரு தரம் படிக்கிறேன். குப்பம்மாள்!

– தெய்வம் ஐயா நீங்க.

– குடுங்க, நான் பாக்கறேன். ஐயா, இதுல வந்து...

– பக்கிரிசாமி, ஒனக்குப் படிக்கத் தெரியும் இல்ல?

– தெரியும் ஐயா. அதான் கேக்கறேன், இங்க...

– படிக்கத் தெரிஞ்சவன் வாய மூடினு கையெழுத்துப் போடணும். போடு. அம்மா, நீ கட்ட வெரலக் குடு. இன்னும் அழுத்து. அவ்ளோதான். போங்க, ரெண்டு பேரும் என் கண்ணு முன்னால நிக்காதீங்க. புள்ள தலைய மூடினு போம்மா, வெயிலு.

– வரோம் ஐயா.

– காசு. கொஞ்சம் நில்லு.

– நட. சந்த பஸ்சு போயிடும்.

– காசு, ஒண்ணு சொல்லணும். ஒங்கிட்ட மறைச்சுட்டு எனக்குச் சோறு எறங்காது. உள்ள அவரு படிச்சது வேற, அங்க...

– யோவ், குப்பம்மான்னு எழுதறதுக்கு எவனாவது ஒங் காயிதத்தப் பாத்துப் பாத்து எழுதுவானா? எனக்குப் படிக்கத்தான் தெரியாது, கண்ணு தெரியும், திரும்பி ஒக்காந்தாலும் ஓரக்கண்ணால பாத்தேன். தெரிஞ்சுதான் வெரல அழுத்தினேன். வாய மூடினு வா, எருமைல வந்து ஏமாந்து போனவன் இன்னும் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான்.