எத்தனை விரல்?

இந்த விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் டன்பார் கல்லூரித் தலைவர் அவர்களே! வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் பெத்தேல் சபைத் தாய்மார்களே! சபையைத் தாங்கும் டீக்கன்மாரே! ஒரு காலத்தில் இந்த மைதானத்தையே கிடுகிடுக்க வைத்து, இன்று மேடைப்படி ஏறக் கைப்பிடி தேடும் பழைய ஆட்டக்காரச் சிங்கங்களே! அதோ, கெளுத்தி மீன் வறுத்துக்கொண்டே காதை மட்டும் என் பக்கம் நீட்டியிருக்கும் தம்பிமாரே! உங்கள் அனைவருக்கும் லவெல் பெட்வேயின் மனைவி ரோசெட்டாவின் பணிவான வணக்கம்.

பக்கத்தில் பச்சைத் துணி போர்த்தி ஒரு சிலை நிற்கிறது. அதன் கயிறு என் கையில் இருக்கிறது. இழுத்துத் திறந்து வைக்க என்னை அழைத்திருக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது அழைப்பிதழிலேயே அச்சாகிவிட்டது. இந்தக் கல்லூரி அணியின் பயிற்சியாளராக இருந்த எங்கள் கோச் ராய்ஸ் டிட்மோர், வலக்கையை உயர்த்தி, இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இழும்மா, மீன் ஆறுது!" என்கிறார் டீக்கன் ஹோலிஸ். ஆறட்டும் ஐயா! இத்தனை வருடம் நான் ஆறாமல் இருக்கிறேன், உங்கள் மீன் கொஞ்சம் ஆறினால் குடியா முழுகிவிடும்?

கோச் எப்படிப்பட்டவர்? அலபாமாவின் ஆட்டப் பட்டியலில் அடியில் கிடந்த அணியை அள்ளி எடுத்து அரியணையில் ஏற்றியவர். வெற்றி வந்தது, விருது வந்தது, வீதிக்கு வீதி விளம்பரம் வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தகப்பனாக நின்றார். இதை யார் மறுப்பார்? நான் மறுக்கவில்லை. அவர் அணியில் ஆடிய என் லவெலுக்கு முதல் கோட்டு வாங்கித் தந்தவர் அவர்தான்.

ஆனால் ஆட்டம் என்ன ஆட்டம்? பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவருகிறவனை ஓடிப்போய் முட்டித் தள்ளும் ஆட்டம். தலைக்கவசமும் தலைக்கவசமும் மோதும் சத்தம் தேவாலய வாசல் வரை கேட்கும். விழுந்தவன் எழுந்து தள்ளாடுவான். கோச் களத்துக்குள் போவார், குனிவார், கையை நீட்டுவார்.

"கண்ணைத் திறடா மகனே. எத்தனை விரல்?"

"ரெண்டு, கோச்!"

"நல்லா இருக்கான். உள்ள போடா!"

ஊரே கைதட்டும். ஆனால் அவர் காட்டியது எப்போதும் இரண்டு விரல்தான்! ஒரு நாளும் மூன்று காட்டியதில்லை, நான்கு காட்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவன் காதில் பழையவன் முதல் நாளே ஓதிவிடுவான்: "கண்ணு இருட்டிட்டு வந்தாலும் கவலப்படாத மச்சான், ரெண்டுன்னு சொல்லு."

சிரிக்கிறீர்கள். சிரிப்புத்தான். முடிதிருத்தும் கடையில் "ரெண்டு, கோச்!" கல்யாண வீட்டில் "ரெண்டு, கோச்!" எங்கள் ஊரில் காலை வணக்கமே அதுதானே?

பிறகு தொலைக்காட்சி அழைத்தது. விசில் ஊதிய வாய் விளக்கம் சொல்ல ஆரம்பித்தது. முகத்தில் பவுடர், உடம்பில் நீலக் கோட்டு. சனிக்கிழமைதோறும் நாடு முழுக்க அவர் வாயைப் பார்த்தது. எங்கோ ஒரு பையன் அடிபட்டு விழுவான். கோச் கேமராவைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்குவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிப் என்கிற வர்ணனைக்காரர், "ரெண்டு, கோச்!" என்று கூவுவார். பனியன்களில் அந்த விரல். பீர்க் குவளைகளில் அந்த விரல்.

அதே சனிக்கிழமைகளில் என் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா?

காகித ஆலைக்கு வேலைக்குப் போன லவெல் வழி தெரியாமல் பாதிப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதார். நாற்பது வயதில், அம்மா, நாற்பது வயதில்! பர்மிங்காமில் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"மிஸ்டர் பெட்வே, உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"ரெண்டு!" என்றார். பட்டென்று, நெஞ்சை நிமிர்த்தி!

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி இமானி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அப்பா, அப்ப நான் யாரு?" என்றாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நர்ஸம்மா, சரியாச் சொல்லிட்டேன்ல? என்னை உள்ள விட்டுடுவாங்கல்ல?" என்றார்.

தாய்மார்களே, எந்தப் பிள்ளை காதிலும் விழக்கூடாத பேச்சு அது.

கோச்சுக்குச் செய்தி போனது. ஒரு நாள் பீச் பழப் பணியாரத்தோடு வந்து நின்றார். பெற்ற பிள்ளையைத் தெரியாத மனிதர், அவரைக் கண்டதும் விறைப்பாக எழுந்து நின்றார்! கோச் கையைத் தூக்கினார். மூன்று விரல் காட்டினார்.

"ரெண்டு, கோச்!"

நான்கு காட்டினார்.

"ரெண்டு, கோச்! நான் நல்லா இருக்கேன். உள்ள விடுங்க கோச்!"

கோச் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ரோசெட்டா, நான் ஒரு நாள்கூட மூணு காட்டலம்மா" என்றார்.

"ஏன் கோச்?"

"மூணு காட்டினா தப்பாச் சொல்லிருவானுங்களோன்னு பயம். தப்பாச் சொன்னா வெளிய உக்கார வைக்கணும். அவன உக்கார வச்சா நான் தோத்துருவேன்."

அடுத்த சனிக்கிழமை. தொலைக்காட்சியில் ஒரு பையன் விழுந்தான், எழுந்தான், கால் பின்னியது. கிப் சிரித்துக்கொண்டே, "எத்தனை, கோச்?" என்றார். நாடே இரண்டு விரலுக்குக் காத்திருந்தது. கோச் கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பையனை வெளிய உக்கார வைங்க. நான் காட்டுனது எப்பவும் ரெண்டு. அது சோதனை இல்ல, மோசடி. லவெல் பெட்வேக்குச் செஞ்சேன். அவனை மாதிரி எத்தனையோ பேருக்குச் செஞ்சேன்."

உடனே விளம்பரம் போட்டார்கள். அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறொருவர்.

ஊர் என்ன சொன்னது? "கோச்சுக்குப் புத்தி பிசகிருச்சு" என்றது! லவெலை அடக்கம் செய்த அன்று அவர் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர் அவரிடம் போய்க் கைகொடுத்தீர்கள்? சொல்லுங்கள்! டீக்கன் ஹோலிஸ், நீங்களாவது கொடுத்தீர்களா? இப்போது அவரும் மண்ணுக்குள் போய்விட்டார். உடனே வெண்கலம் உருக்கிவிட்டீர்கள். அவர் எதை நினைத்து அழுதாரோ அதற்குச் சிலை! எதைத் துணிந்து சொன்னாரோ அதற்கு ஒரு சின்னப் பலகைகூட இல்லை!

"போதும் சிஸ்டர்" என்று யாரோ சொல்வது கேட்கிறது. முடித்துவிடுகிறேன். முடிக்கும் முன் எல்லோரும் என் கையைப் பாருங்கள். இதோ, உயர்த்துகிறேன். அன்புள்ள டன்பார் மக்களே, எத்தனை விரல்?

அப்பா! எவ்வளவு பெரிய சத்தம்! "ரெண்டு!" என்று மைதானமே முழங்கிவிட்டது.

மறுபடியும் பாருங்கள். டீக்கன் ஐயா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

மூன்று.

நான் காட்டியது மூன்று விரல். உங்கள் தலையில் யாரும் மோதவில்லை. உங்கள் கண் இருட்டவில்லை. ஆனாலும் பார்க்காமலே சொன்னீர்கள்.

இந்த மூன்றாவது விரல் முன்வரிசையில், தாய்மார்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எழுந்திரு, இமானி. எல்லோரும் பார்க்கட்டும். என் வீட்டில் எண்ணிக்கையில் விட்டுப்போன பிள்ளை இவள்தான்.

தலைவர் அவர்களே, சிற்பியைக் கூப்பிடுங்கள். அந்த இரண்டு விரலையும் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். மேசைமேல் கவிழ்ந்த அந்தக் கையைச் செய்யச் சொல்லுங்கள். அன்றைக்கு வந்து நானே திறந்து வைக்கிறேன். அதுவரை இந்தக் கயிற்றை நான் இழுக்கமாட்டேன். இதோ, கீழே வைத்துவிட்டேன்.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. பொறுமையில்லாமல் கேட்டவர்களுக்கும் நன்றி. களத்தில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வழி தெரிந்து வீடு திரும்பட்டும். வணக்கம்.