நெப்யா யார் பேச்சைக் கேட்பாள்?

ஜூன் 11, புதன். நாய்க்குக் காது கேட்கவில்லை என்று நேற்று எழுதியது தவறு. பட்டிக்குப் பின்னால் நான் ரொட்டி பிட்டதும் எங்கிருந்தோ ஓடி வந்தது. ஆகவே தவறு என்னுடைய உச்சரிப்பில்தான் இருக்க வேண்டும். நாயை விற்ற பாஸ்தியானை, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரான ரெயால்டோவிலிருந்து எல்லைக்கல் வரை ஏறி வரச் சொன்னேன். பேசியதை நினைவில் இருக்கும் அளவுக்கு அப்படியே எழுதுகிறேன்.

— இன்னொரு தடவை சொல்லு, நொயெமி. என்ன சொன்னே அதுகிட்ட?

— "சுத்தி வா"ன்னு சொன்னேன், மாமா. நம்ம மலைப் பேச்சுலதான் சொன்னேன்.

— நல்லாத்தானே சொன்னே! எங்க ரெயால்டோ புள்ள சொன்ன மாதிரியே இருந்துச்சு.

— கிண்டல் பண்ணாதீங்க. இதுக்கு நம்ம பேச்சைத் தவிர எதுவும் புரியாதுன்னு நீங்கதானே சொல்லி வித்தீங்க? எங்க வீட்ல எல்லாரும் பிரெஞ்சுதான். இந்த நாய்க்காகத்தான் செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்புல சேர்ந்தேன்.

— ஆட்டுக்குப் பின்னாடி நடக்க வகுப்பு! எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரங்ககிட்ட போனதும் லா பிரிக்காரங்களுக்கு வந்த சொகுசைப் பாரு!

— வகுப்புல லா பிரிக் பேச்சு வழக்குதான் சொல்லித் தர்றாங்க. இது ரெயால்டோவுல வளர்ந்த நாய். ஒருவேளை அதனாலயோ?

— அட, ரெண்டு பக்கமும் ஒரே பேச்சுதான், புள்ள. ஆட்டுக்கே அது தெரியும்.

— அப்புறம் ஏன் என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு? சனிக்கிழமை முந்நூறு ஆடு மேல கோடை மேய்ச்சலுக்கு ஏறணும். பாறைப் பக்கம் ஒண்ணு திரும்பினா மிச்சமும் பின்னாடியே விழும். இந்த வருஷம்தான் முதல் தடவையா என்னை நம்பி மந்தையைக் குடுத்திருக்காங்க. நீங்க கூப்பிட்டுக் காட்டுங்க.

— நானா? காத்து பலமா அடிக்குதே.

— மாமா!

— சரி, சரி. நெப்யா! சுத்தி வா! சுத்தி வாடி, கழுத!

— காதைக்கூட ஆட்டல.

— வயிறு சரியில்லையோ என்னவோ.

— இப்பத்தான் நீங்க கொண்டு வந்த பாலாடைக்கட்டியில பாதியை முழுங்குச்சு! எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு வீடியோ அனுப்பினீங்களே, அதுல மந்தையை அழகா வளைச்சுக்கிட்டு வந்துச்சே?

— அது போன கோடையில எடுத்தது.

— அப்ப யார் கூப்பிட்டது?

— டெல்ஃபீனா. என் பொண்டாட்டி. எங்க வீட்ல, அவ இருந்தவரைக்கும், ஆடு அவ பொறுப்பு, பாலாடைக்கட்டி என் பொறுப்பு. ஊர்ல எல்லாரும் என்னைத்தான் மேய்ப்பன்னு சொல்லுவாங்க. அப்படியில்லன்னு நானும் சொன்னதில்ல.

— மன்னிச்சுக்கங்க, எனக்குத் தெரியாது. எப்ப தவறிட்டாங்க?

— யாரு?

— அவங்கதான்.

— வாயைக் கழுவு! கல்லு மாதிரி இருக்கா. அவளைக் கேக்காம ஆட்டையெல்லாம் தரகனுக்கு வித்துட்டேன். எனக்கு முட்டி வலி, வேறென்ன செய்ய? அன்னைக்கே பொறந்த ஊருக்குக் கிளம்பிட்டா. மலைக்கு ரெண்டு பக்கமும் ஒரே பேச்சு, எங்க வீட்ல ஒரே கூரைக்குக் கீழ பேச்சு நின்னு போச்சு.

— எது அவங்க பொறந்த ஊரு?

— லா பிரிக்தான். உனக்குச் சொல்லிக் குடுத்த வழக்குதான் அவ பேச்சும். உன் பேச்சுல ஒரு குத்தமும் இல்ல. இது அவ குரலுக்கு மட்டும்தான் எந்திரிக்கும்.

— இது தெரிஞ்சும் ஏன் எனக்கு வித்தீங்க? ரெயால்டோவுல யாருமே நாய் கேக்கலையா?

— கேட்டாங்க, மூணு பேரு.

— அப்புறம்?

— நீ வகுப்புக்கு லா பிரிக்குக்கு இறங்கறப்ப இதையும் கூட்டிட்டுப் போவே, அங்க அவ கண்ணுல படும்னு நெனச்சேன். நீ என்னடான்னா வாராவாரம் பட்டியிலயே கட்டிப்போட்டுட்டுப் போறே!

— வகுப்புக்கு யாராவது நாயைக் கூட்டிட்டுப் போவாங்களா? நான் வாங்கினது நாயா, உங்க தூதா? நீங்களே கொண்டு போய் அவங்க கையில குடுத்திருக்கலாமே.

— எப்படிக் குடுப்பேன்? நாயை அனுப்பச் சொல்லி ஆள் விட்டா. இருந்த கோவத்துல, அது செத்துப்போச்சு, நானே புதைச்சுட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

நாளை, வியாழன்: காலையில் நெப்யாவை லா பிரிக்குக்கு அழைத்துப் போய் டெல்ஃபீனாவிடம் ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை மந்தையோடு மேலே வருவாரா என்று அவரிடம் அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டும்.